கழுத்துக்குள் ஒரு குற்றவாளி

சோணை ஒரு வார்த்தை சொல்லிவிட்டால் அதைத் திரும்ப எடுக்கவைக்கும் சக்தி உலகத்தில் இன்னும் கண்டுபிடிக்கப்படவில்லை.

மின்சாரம் கண்டுபிடித்தாகிவிட்டது. அணுகுண்டு கண்டுபிடித்தாகிவிட்டது. இது மட்டும்தான் பாக்கி.

இதைச் சொன்னவர் சோணையேதான். போடிநாயக்கனூர் ஏலக்காய் ஏல மையத்துக்கு எதிரே இருந்த டீக்கடையில், கேட்டவர்களிடமும் கேட்காதவர்களிடமும் சொல்வார். சொல்லும்போது முகத்தில் சிரிப்பு இருக்காது. ஆதாரம் இருக்கும்.

ஏல மையத்தில் இப்போது யாரும் தொண்டை கிழியக் கத்துவதில்லை. ஆளுக்கொரு கம்ப்யூட்டர். சாம்பிள் காயை உள்ளங்கையில் உருட்டி, முகர்ந்து பார்த்து, பொத்தானை அமுக்கினால் விலை ஏறும். ஒருமுறை சோணையின் விரல் வழுக்கி, எவனும் சீண்டாத சொத்தைக் காய் லாட்டு அவர் தலையில் வந்து விழுந்தது. அதிகாரியிடம் சொல்லி ரத்து பண்ணிவிடலாம் என்றார்கள். சோணை அந்தச் சொத்தைக் காயை மூட்டையோடு வீட்டுக்குத் தூக்கிக்கொண்டு போனார். அந்த வருஷம் முழுக்க அதைத் தட்டிப் போட்டுத்தான் டீ குடித்தார்.

இதே தவறைச் செய்த லிங்கேஸ்வரன் என்ற வியாபாரி, அதிகாரியின் காதோரம் குனிந்து, தெரியாமல் அமுக்கிவிட்டேன் சார், எடுத்துவிடுங்கள் என்று மெல்லச் சொல்லித் தப்பித்துவிட்டார்.

தப்பித்தது அதிகாரியிடம் மட்டும்தான். அன்றிலிருந்து லிங்கேஸ்வரனை எங்கே கண்டாலும் சோணை குனிந்து, இல்லாத ஒரு காதில் முணுமுணுத்துக் காட்டுவார். பஸ் ஸ்டாண்டில் காட்டுவார். கல்யாண வீட்டுப் பந்தியில் காட்டுவார். ஒருமுறை சாவு வீட்டிலும் காட்டினார்.

"பேசின வார்த்தையத் திரும்ப எடுக்குறவன், கக்குனதைத் திரும்பத் திங்கிறவன்யா. வேட்டி எதுக்கு அவனுக்கு?"

அப்பேர்ப்பட்ட சோணைதான் அந்தப் புதன்கிழமை காலையில் போலீஸுக்குப் போன் போட்டார்.

*

போன் அடித்தது.

ஸ்டேஷனில் எடுத்தவர் எஸ்.ஐ. காளீஸ்வரி.

"ஒரு கொலை நடக்குதும்மா. வெரசா வாங்க."

"எங்க?"

"போடிமெட்டுக்குக் கீழ. என் ஏலக்காய் காய வைக்கிற ஸ்டோர்ல."

"யாரைக் கொல்றாங்க?"

"என்னைத்தான்."

மறுமுனையில் நாற்காலி கிறீச்சிட்டது.

"கொல்றது யாரு?"

"எம் மாப்ளதான்."

"அவரு இப்ப பக்கத்துல இருக்காரா?"

"இல்ல. காலேஜுக்குப் போயிட்டான்."

"கொலையப் பாதியில விட்டுட்டா?"

"இது மெதுவா நடக்குற கொலைம்மா. மாசக்கணக்கா நடக்குது. அவனுக்கு என்ன அவசரம்..."

அதற்குள் செல்போன் தமிழ்நாட்டை விட்டுவிட்டுக் கேரளா டவரைப் பிடித்துக்கொண்டது. ஒரு பெண் குரல் மலையாளத்தில் மிகவும் வருத்தப்பட்டது. எல்லையோர மேட்டில் இது வழக்கம்தான். ஆனால் சாகப்போகிறவனுக்கு அது பெரிய ஆறுதலாக இல்லை.

சோணை போனை வீசிவிட்டுக் குடத்தைத் தூக்கினார். அப்படியே அண்ணாந்து குடித்தார். தாகம் போகவில்லை. மாதக்கணக்காகவே போவதில்லை. குடிப்பதும், வெளியே ஓடுவதும், திரும்ப வந்து குடிப்பதுமாக இருந்தது பிழைப்பு. முழங்கால், இடுப்பு, விலா... எல்லா எலும்பிலும் யாரோ ஆணி வைத்துத் திருகினார்கள். சோற்றைக் கண்டால் குமட்டியது. நேற்று ஏல மையத்தில் தன் சொந்தப் பெயரே ஒரு நிமிஷம் மறந்துபோயிற்று.

விஷம்தான்.

வேறு என்னவாக இருக்க முடியும்? அவர்தான் கண்ணால் பார்த்தாரே!

மருமகன் சூர்யபிரகாஷ் ராசிங்காபுரத்துக்காரன். தனியார் காலேஜில் கணக்கு வாத்தியார். சோணையின் மனைவி காலமான பிறகு, மகள் சிவரஞ்சனி அவனோடு போடியில் அப்பாவின் வீட்டுக்கே வந்துவிட்டாள். போன ஞாயிற்றுக்கிழமை, அடுப்படி ஜன்னல் வழியாகச் சோணை எட்டிப் பார்த்தார். மருமகன் ஒரு குட்டிப் பாக்கெட்டைக் கிழித்தான். வெள்ளைப் பொடி. மாமனாரின் காபியில் கொட்டிக் கலக்கினான். காலிப் பாக்கெட்டைச் சட்டைப் பையில் திணித்துக்கொண்டு, அக்கம்பக்கம் பார்த்தான்.

தப்பு செய்கிறவன் எப்படிப் பார்ப்பானோ அப்படியே பார்த்தான்.

காரணமும் தெளிவு. "மாமா, உங்களால மேல ஏற முடியல. காட்டை எங்கிட்ட விடுங்க, நான் பாத்துக்கிறேன்" என்று அவன் இரண்டு தடவை கேட்டிருக்கிறான். மேட்டுக்குக் கீழே, மிளகுக் கொடிக்கும் ஏலச் செடிக்கும் நடுவில், அவர் ரத்தத்தை ஊற்றி வளர்த்த காடு. அதற்குத்தான் இந்தப் பொடி.

அன்று சோணை யாருக்கும் தெரியாமல் டம்ளரை மாற்றி வைத்தார். விஷக் காபியை மருமகனே குடித்தான். குடித்துவிட்டுச் சட்டைக்கு இஸ்திரி போட்டான். சாகவில்லை.

விஷத்துக்குப் பழகின உடம்பு என்று சோணை குறித்துக்கொண்டார்.

போலீஸ் ஜீப் கொண்டை ஊசி வளைவுகளில் உறுமிக்கொண்டு ஏறி வந்து நின்றபோது, சோணை ஸ்டோர் வாசலில் தூணைப் பிடித்தபடி நின்றிருந்தார். தோட்டத்தில் காய் எடுத்துக்கொண்டிருந்த பெண்கள் கூடையோடு கூடிவிட்டார்கள். இவ்வளவு பேர் இருக்கும்போது சொல்வதுதான் முறை.

"என் மாப்ள சூர்யபிரகாஷ் எனக்கு விஷம் வைக்கிறான். காட்டைப் பிடுங்கத்தான் வைக்கிறான். இது என் வாக்கு. நான் செத்தாலும் இதான், பொழச்சாலும் இதான்."

சொல்லி முடித்தார். வாய் கோணியது. கண் மேலே சொருகியது.

காய வைத்திருந்த ஏலக்காய்க் குவியலின் மேல் மரம்போல் சாய்ந்தார்.

ஒரு பெண் வீறிட்டாள்.

*

அடுத்த சில நாட்கள் சோணையிடம் இல்லை.

தேனியில் ஒரு கட்டில் இருந்தது. கையில் குழாய் இருந்தது. பாட்டில் பாட்டிலாக உப்புத் தண்ணீர் இறங்கியது. கூரையில் ஏலம் நடந்தது. லிங்கேஸ்வரன் மின்விசிறியில் உட்கார்ந்து சுற்றிக்கொண்டிருந்தார். அப்புறம் ஆம்புலன்ஸ். அப்புறம் மதுரை.

கண் தெளிந்து பார்த்தபோது கட்டிலின் ஒரு பக்கம் மகள் ரஞ்சனி அழுது வீங்கிய முகத்தோடு நின்றாள். மறுபக்கம் காக்கி உடுப்பில் காளீஸ்வரி. நடுவில், கழுத்தில் ஸ்டெதாஸ்கோப்போடு, ஊசி மாதிரியே ஒல்லியான ஒரு பெண்.

டாக்டர் முத்துப்பிரியா.

"என்ன விஷம்மா அது?" என்று சோணை கேட்டார். குரல் காய்ந்து வந்தது.

"விஷம் எதுவும் இல்ல ஐயா. கால்சியம். உங்க ரத்தத்துல அது தாறுமாறா ஏறிக் கிடந்துச்சு. தாகம், எலும்பு வலி, மறதி, மயக்கம், எல்லாம் அதோட வேலை. இன்னும் கொஞ்சம் விட்டிருந்தா இதயம் நின்னுருக்கும்."

"கால்சியம்னா சுண்ணாம்புதான? சுண்ணாம்பு வச்சுக் கொல்லப் பாத்திருக்கான்."

காளீஸ்வரி ஒரு பிளாஸ்டிக் உறையை நீட்டினார். உள்ளே கிழிந்த குட்டிப் பாக்கெட்டுகள். வீட்டுக் குப்பையில் கிடைத்தவை.

சோணையின் கண் மின்னியது. அதேதான்!

வைட்டமின் டி பொடி என்றார் டாக்டர். எலும்புக்கு நல்லது, வாரத்துக்கு ஒன்று. தினம் ஒன்று போட்டால் கால்சியத்தை ஏற்றிவிடும்.

"உங்க மருமகன்கிட்ட விசாரிச்சேன்" என்றார் காளீஸ்வரி. "நான்தான் கலந்தேன்கிறார். வாரம் ஒண்ணு போட வேண்டியதை ஏன் தினமும் போட்டீங்கன்னு கேட்டா, வாயைத் திறக்க மாட்டேங்கிறார். கணக்கு வாத்தியாருக்கு ஏழுக்கும் ஒண்ணுக்கும் வித்தியாசம் தெரியாமலா இருக்கும்?"

"பாத்தீங்களா" என்றார் சோணை. படுத்தபடியே நெஞ்சை நிமிர்த்தினார்.

"இருங்க. கேஸு இன்னும் முடியல" என்றார் டாக்டர்.

காளீஸ்வரி திரும்பிப் பார்த்தார். அது அவர் சொல்ல வேண்டிய வசனம்.

கழுத்துக்குள், தைராய்டுக்குப் பின்னால், அரிசி மணி மாதிரி நான்கு சுரப்பிகள் உண்டு, பாராதைராய்டு என்று பெயர், ரத்தத்தில் கால்சியம் குறைந்தால் எலும்பிலிருந்து எடுத்துக் கொடுப்பது அவற்றின் வேலை என்று டாக்டர் விளக்கினார். சோணை தன் கழுத்தைத் தடவிப் பார்த்துக்கொண்டார்.

"பொடி மட்டும்தான் காரணம்னா, கால்சியம் ஏறினதுமே அந்தச் சுரப்பி வேலையை நிறுத்தியிருக்கணும். அதோட ஹார்மோன் தரையில கிடந்திருக்கணும். உங்களுக்கு அது உச்சியில நிக்குது. அப்படின்னா அங்க ஒருத்தன் சொன்ன பேச்சு கேக்காம எலும்பை உருவி ரத்தத்துல கொட்டிக்கிட்டே இருக்கான். ஸ்கேன் பண்ணோம். பிடிச்சுட்டோம். வலது பக்கம் ஒண்ணு வளந்திருக்கு."

"எவ்வளவு பெருசு?"

"நீங்க ஏலக்காய் வியாபாரிதான? எட்டு எம்.எம். போல்டு காய், பெரிய ரகம், ரெண்டு சேர்ந்த மாதிரி."

"நல்ல சைஸு" என்றார் சோணை, பழக்கதோஷத்தில்.

"அப்பா..." என்று ரஞ்சனி பயந்தாள். "புத்துநோயா டாக்டர்?"

"இல்ல. சாதுவான கட்டிதான். ஆனா வருஷக்கணக்கா திருடிக்கிட்டு இருந்திருக்கு."

"அப்ப அதுதான் முதல் குற்றவாளி. பொடி?" என்றார் காளீஸ்வரி.

"பொடி கூட்டாளி."

வழக்கமாக ஆபரேஷன் செய்து எடுத்துவிடுவதுதான் முதல் வழி. ஆனால் சோணையின் இதயம் பலவீனமாக இருந்தது. முழு மயக்கம் கொடுத்தால் எழுந்திருப்பார் என்று யாரும் எழுதிக் கொடுக்கத் தயாராக இல்லை. அதனால் வேறு வழி. கத்தி கிடையாது. ஸ்கேனில் பார்த்துக்கொண்டே ஒரு மெல்லிய ஊசியைக் கட்டிக்குள் இறக்கி, அதன் நுனியில் சூடேற்றி, கட்டியை உள்ளேயே கருக்கிவிடுவது. தோல் மட்டும் மரத்துப்போகும். ஆள் முழித்திருப்பார்.

"முழிச்சிருக்கணுமா?"

"முழிச்சிருந்தா மட்டும் போதாது ஐயா, பேசிக்கிட்டே இருக்கணும். குரலுக்குப் போற நரம்பு அந்தக் கட்டியை ஒட்டித்தான் ஓடுது. சூடு பட்டா குரல் போயிரும். பெரும்பாலும் போகாது. போனாலும் பெரும்பாலும் திரும்பிரும். ஆனா சில பேருக்கு..." டாக்டர் அதை முடிக்கவில்லை. "அதனால உங்க குரல்தான் எனக்குக் காவல். அது மாறினா அந்த நொடியே சூட்டை நிறுத்திருவேன்."

டாக்டர் போனதும் காளீஸ்வரி நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

"பெரியவரே, நான் இன்னும் கேஸு போடல. அன்னைக்கு மேட்டுல நீங்க சொன்னப்ப மூளை கலங்கியிருந்துச்சு. அதை வச்சு ஒரு வாத்தியார் வாழ்க்கைய முடிக்க எனக்கு மனசில்ல. இப்ப தெளிவா இருக்கீங்க. அறியாம செஞ்சான்னா வீட்டுக்கு அனுப்பிருவேன். கொல்லத்தான் செஞ்சான்னா, கொலை முயற்சி. வருஷக்கணக்குல உள்ள போயிருவார். எது?"

ரஞ்சனி தலையைக் குனிந்துகொண்டாள்.

"சொன்னது சொன்னதுதான்" என்றார் சோணை.

"சரி. நாளைக்கு இந்த ஊசி சமாச்சாரம் முடிஞ்சதும் எழுத்துல வாங்கிக்கிறேன். உங்க மருமகனையும் ஜீப்புல கூட்டிட்டு வர்றேன். இங்கயே கைது பண்ணிட்டா ஒரு சோலி முடியும்."

*

காலையில் ரஞ்சனி அப்பாவுக்குத் தலை வாரிவிட்டாள். சீப்பு ஒரே இடத்தில் திரும்பத் திரும்பப் போனது.

"அப்பா."

"என்ன ஆத்தா?"

"தினமும் போட்டது அவரு இல்ல."

சோணை திரும்பிப் பார்த்தார்.

அவள் தரையைப் பார்த்துக்கொண்டே சொல்லி முடித்தாள். முழங்கால் வலிக்கு டாக்டரைப் பார்க்க அப்பா ஒத்துக்கொள்ளவில்லை. மாத்திரையைக் கண்டால் எறிந்தார். அதனால் மருந்துக்கடையில் கேட்டு அவள் வீட்டுக்காரர் அந்தப் பொடியை வாங்கி வந்தார். ஞாயிற்றுக்கிழமை காலைக் காபியில் ஒன்று. அவ்வளவுதான் அவர் கணக்கு. ஆனால் ஒருநாள் அப்பா மாடிப்படியில் கையை ஊன்றித் தவழ்ந்து ஏறுவதை ரஞ்சனி பார்த்துவிட்டாள். வாரத்துக்கு ஒன்று போட்டால் இவ்வளவு நல்லது என்றால் தினமும் போட்டால் இன்னும் சீக்கிரம் சரியாகும் என்று தோன்றியது. சாயங்காலக் காபியில் அவளே போட ஆரம்பித்தாள். தீர்ந்ததும் அவளே வாங்கினாள். வலி கூடக் கூட, பொடியை நிறுத்தக் கூடாது என்று இன்னும் பிடிவாதமாகப் போட்டாள்.

"அவருக்கே தெரியாதுப்பா. போலீஸ் வந்த அன்னைக்குத்தான் சொன்னேன். நீ வாயைத் திறக்காத, நான் பாத்துக்கிறேன்னு போயிட்டாரு. நான் இன்னைக்கு எஸ்.ஐ. அம்மாகிட்ட எல்லாத்தையும் சொல்லிரப்போறேன்."

"மூச்..." என்றார் சோணை. "நீ ஒண்ணும் சொல்லக் கூடாது."

"அப்ப நீங்க சொல்லுவீங்களா?"

சோணை வாயைத் திறந்தார்.

சீப்பை அவள் கையிலிருந்து பிடுங்கித் தானே தலையை வாரிக்கொண்டார்.

மேட்டில், கூடை தூக்கிய பெண்கள் முன்னால், வாக்கு என்று சொல்லியாகிவிட்டது. இந்நேரம் அது ஜீப் ஏறி, கீழே இறங்கி, போடியில் ஒவ்வொரு கடையிலும் டீ குடித்திருக்கும். அந்த வாக்கு நின்றால் மருமகன் உள்ளே போவான். மருமகன் வாயைத் திறந்தால் மகள் போவாள். இரண்டும் நடக்காமலிருக்க ஒரே வழி...

அந்த வழியை நினைத்ததுமே அவருக்குக் குமட்டியது. இந்தத் தடவை காரணம் கால்சியம் இல்லை.

சக்கர நாற்காலி வந்துவிட்டது.

சிகிச்சை அறை வாசலில் காளீஸ்வரி நின்றிருந்தார். உள்ளே போகும் முன்னால் ஏதாவது சொல்வதற்கு இருக்கிறதா என்று கேட்டார்.

இருந்தது. தொண்டைக் குழி வரைக்கும் வந்து நின்றது. வராந்தாவில் ஏழெட்டுப் பேர் உட்கார்ந்து வேடிக்கை பார்த்தார்கள். அதில் ஒருவன் போடிக்காரன் மாதிரியே இருந்தான்.

"முடிச்சுட்டு வர்றேன்" என்றார் சோணை.

கதவு மூடிக்கொண்டது.

மூடிய பிறகுதான் அவருக்கு உறைத்தது. வெளியே வரும்போது குரல் இல்லாவிட்டால்? கையெழுத்தைத் தவிர வேறு எழுத்து அவருக்கு வராது. அந்தக் கையெழுத்து மட்டும் பிரமாதமாக வரும். ஆனால் அதை வைத்துக்கொண்டு என்ன சொல்வது? மேட்டில் சொன்ன சொல்தான் அவர் பேசிய கடைசிச் சொல்லாக நிற்கும். அதை வைத்தே கேஸை எழுதிவிடுவார்கள். ரஞ்சனி சும்மா இருக்க மாட்டாள். பொங்கிவிடுவாள். அப்புறம் புருஷன் ஒரு ஜீப்பில், பெண்டாட்டி ஒரு ஜீப்பில்.

அவர் வாயைப் பிளந்து பிளந்து மூடிக்கொண்டு படுத்திருப்பார்.

*

தோளுக்குக் கீழே தலையணை வைத்துக் கழுத்தை நீட்டினார்கள். முகத்தை இடப்பக்கமாகத் திருப்பினார்கள். சோணைக்குத் தெரிந்ததெல்லாம் ஒரு பச்சைச் சுவரும் ஒரு ஸ்விட்ச் போர்டும்தான்.

"உங்க மக பக்கத்துல நிக்கிறேன்னாங்க" என்றது டாக்டரின் குரல், பின்னாலிருந்து. "ஊசியைப் பாத்ததும் தலை சுத்திருச்சு. வேற ஒருத்தர் நிப்பார். கையைப் பிடிச்சுக்கங்க. ஏதாச்சும் பேசிக்கிட்டே இருங்க."

கையுறை போட்ட ஒரு கை அவர் கையைப் பிடித்தது. வார்டு ஆள் போலிருக்கிறது. பிடி அழுத்தமாக இருந்தது.

கழுத்தில் சில்லென்று பசை. ஒரு சுருக். அப்புறம் தோல் தன்னுடையது இல்லை.

"இப்ப கட்டிக்கும் நரம்புக்கும் நடுவுல மருந்துத் தண்ணியால ஒரு வரப்பு போடுறேன். சூடு அந்தப் பக்கம் தாண்டாது."

வரப்பு என்றதும் சோணைக்குக் கொஞ்சம் நம்பிக்கை வந்தது. அவருக்குத் தெரிந்த வேலை. ஆனால் உடைகிற வரப்புகளையும் அவர் பார்த்திருக்கிறார்.

"ஊசி உள்ள போயிருச்சு. ஆரம்பிக்கிறேன். பேசுங்க ஐயா."

"என்னத்தப் பேச..."

"எதையாச்சும்."

சோணை ஏலக்காயைப் பற்றிப் பேசினார். நல்ல பச்சை எது, சாயம் போட்ட பச்சை எது. கழுத்துக்குள் ஒரு சூடு கிளம்பித் தாடைக்கு ஏறி, காதுக்குள் போய் உட்கார்ந்தது. மழை சரியாகப் பெய்தால் காய் எப்படிப் பருக்கும் என்றார். குரல் நன்றாக இருக்கிறது என்றார் டாக்டர். திரையில் கட்டிக்குள் வெள்ளைப் புகை மாதிரி கிளம்புகிறது, பாதி முடிந்தது என்றார்.

சோணை தொடர்ந்தார். பேச்சு நடுவில் தொண்டையில் ஏதோ உரசியது. குரல் தகரத்தில் இழுத்த மாதிரி கரகரத்தது.

"நிறுத்திட்டேன்" என்றார் டாக்டர் உடனே.



சோணையின் நெற்றியில் வியர்வை. கையுறைக் கை அதை ஒற்றி எடுத்தது.

இன்னும் கொஞ்சம் மருந்துத் தண்ணீர் இறங்கியது. டாக்டர் அ, ஆ சொல்லச் சொன்னார். சோணை சொன்னார். குரல் திரும்பி வந்திருந்தது. சோணைக்கு அழுகை வந்தது.

"பயப்படாதீங்க, எச்சில் மாட்டிக்கிட்டிருக்கும். இன்னும் ஒரே ஓரம்தான் பாக்கி. ஆனா அது நரம்புக்கு ரொம்பப் பக்கம். அதை விட்டா திரும்ப வளந்துரும். மெதுவா போறேன். நீங்க மட்டும் பேச்சை நிறுத்திராதீங்க."

ஒரே ஓரம். அதற்கப்புறம் குரல் இருந்தாலும் இருக்கலாம்... இல்லாவிட்டாலும் இல்லை.

சூடு மறுபடி கிளம்பியது.

சோணை ஸ்விட்ச் போர்டைப் பார்த்தார். மேட்டில் நின்ற அத்தனை பெண்களும் அதில் வரிசையாக நின்று பார்த்தார்கள். அவர் கண்ணை மூடிக்கொண்டார். கையுறைக் கையைத் தன் வாய்ப் பக்கம் இழுத்தார். அந்த ஆள் குனிந்தான். ஒரு காது அருகில் வந்தது தெரிந்தது.

"தம்பி..."

"ம்."

"வெளிய ஒரு எஸ்.ஐ. அம்மா நிக்கும். எனக்குக் குரல் போயிருச்சுன்னா நீ போய்ச் சொல்லிரு. எம் மாப்ள மேல ஒரு குத்தமும் இல்ல. பொடி போட்டது என் நல்லதுக்குத்தான். யாரு போட்டிருந்தாலும் நல்லதுக்குத்தான். விஷம்னு நான் சொன்னது..."

சூடு காதைத் தொட்டது.

"...நான் சொன்னது தப்பு. திரும்ப எடுத்துக்கிறேன். அவன் நல்ல பையன்யா. அவன் மாதிரி எம் மகளுக்கு இன்னொருத்தன் வாய்க்க மாட்டான். மன்னிச்சிரச் சொல்லு. நான் கேட்டேன்னு சொல்லு. ஆனா மெதுவாச் சொல்லு."

கடைசி வார்த்தைகள் காற்றாகத்தான் வந்தன.

"ஐயா!" டாக்டர் பதறிப்போய்ச் சூடேற்றும் பெடலிலிருந்து காலை எடுத்தார். "குரல் ஒரேயடியா இறங்கிருச்சே! நரம்பைச் சுட்டுட்டேனா? ஐயா, சத்தமாப் பேசுங்க..."

"நரம்புக்கு ஒண்ணும் ஆகல டாக்டர்."

அந்தக் குரல்!

கண்ணை மூடிக்கொண்டு படுத்திருந்தாலும், எத்தனை முகமூடி போட்டு மறைத்தாலும், அடுப்படி ஜன்னலுக்கு வெளியே நின்று மாசக்கணக்காக ஒட்டுக்கேட்ட குரல் சோணைக்குத் தெரியாதா? ரஞ்சனிக்குத் தலை சுற்றியதும், காளீஸ்வரி கீழே ஜீப்பிலிருந்து இறக்கி, கவுன் மாட்டி அனுப்பிய ஆள்.

சோணை கையை உருவிக்கொள்ளப் பார்த்தார். விடவில்லை.

"நீங்க சூட்டை வைங்க, பயப்படாதீங்க" என்றான் சூர்யபிரகாஷ். "மாமாவுக்கு மன்னிப்புக் கேக்குற வால்யூமே இவ்வளவுதான். கம்பெனியில இருந்து வரும்போதே அப்படித்தான் வந்திருக்கு."